மார்ச் முதல் வாரத்தில் டோக்கியோவில் பார்க்க ஒன்றுமில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பான் செல்வோருக்கு வழிகாட்டும் கட்டுரை ஒன்றை உங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். விசா, ரயில் அட்டை, சைவச் சாப்பாடு எல்லாம் பயனுள்ளபடி எழுதியிருந்தார்கள். ஆனால் அதில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சகுரா என்கிற செர்ரிப் பூ பூப்பது மார்ச் கடைசியில்தான், அதற்கு முன்னால் போனால் தோட்டங்களில் மொட்டை மரங்கள்தான் நிற்கும், பார்க்க ஒன்றும் இருக்காது என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர். நான் சரியாக அந்த மொட்டை மரங்களைப் பார்த்துவிட்டு வந்தவள். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். மகள் டோக்கியோவில் நிஷிகசாய் பகுதியில் குடியிருக்கிறாள். நம் ஆட்கள் நிறையப் பேர் வசிக்கிற இடம் அது. பிப்ரவரி மத்தியில் அங்கே போய்ச் சேர்ந்தேன். மார்ச் மாதம் என்றால் எனக்குத் தேர்வு அறை, முகப்புத்தாள், கட்டுக்கட்டாக விடைத்தாள்தான். தேர்வு மணி கேட்காத என் முதல் மார்ச் இதுதான். கோவில்பட்டியில் வெயில் ஏறத் தொடங்கும் அந்த நேரத்தில் அங்கே ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு போட்டும் காது சில்லிட்டது.

"அம்மா, எங்க போகலாம்?" என்று மகள் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. கோயிஷிகாவா தாவரவியல் பூங்கா என்றேன். சனிக்கிழமை காலை அவளும் நானும் பேத்தியும் கிளம்பினோம். தோசாய் தடத்தில் ஏறி ஓதெமாச்சியில் மாறி, மிதா தடத்தில் ஹகுசான் நிலையம். அங்கிருந்து பத்து நிமிட நடை. ரயிலில் பாதிப் பேர் முகக்கவசம் போட்டிருந்தார்கள். கொரோனா பயம் இன்னும் போகவில்லையோ என்று நினைத்தேன். மகள்தான் சொன்னாள், அது மகரந்த ஒவ்வாமையாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மலை மலையாக நட்ட சுகி என்ற ஊசியிலை மரங்கள் பிப்ரவரி, மார்ச்சில் காற்றில் மகரந்தத்தைக் கொட்டுகின்றன. காற்றின் வழி மகரந்தச் சேர்க்கை என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டிய எனக்கு, ஒரு நகரமே மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பதைப் பார்த்தபோதுதான் அதன் அளவு புரிந்தது.

பூங்கா டோக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. சுமார் 16 ஹெக்டேர் பரப்பு. 1684இல் ஷோகன் என்ற படைத்தலைவர்களின் ஆட்சியில் மூலிகைத் தோட்டமாகத் தொடங்கியது. 1877இல் பல்கலைக்கழகம் உருவானபோது அதோடு சேர்ந்தது. வாசலைத் தாண்டி மேடேறும் இடத்திலேயே ஒரு சைகஸ் நிற்கிறது. நம் ஊர் நாட்டு மருந்துக் கடைகளில் மதனகாமப்பூ என்று விற்கிறார்களே, அதைத் தரும் மரத்தின் உறவு. ஈச்சங்கன்று போல இருப்பதால் பார்ப்பவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். இதன் தாய் மரம் தெற்கே ககோஷிமாவில் இருக்கிறது. அந்த மரத்தை வைத்துத்தான் இகெனோ செயிச்சிரோ என்ற பேராசிரியர் 1896இல் சைகஸின் நீந்தும் விந்தணுவைக் கண்டார். அதன் கிளைக்கன்றுதான் இங்கே நிற்பது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். "அம்மா, இப்பதான் உள்ளயே வந்திருக்கோம்" என்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள்.

இன்னும் சற்று மேலே போனால் அந்த ஜின்கோ.

பெரிய மரம், வயது சுமார் முந்நூறு. ஓர் இலை கிடையாது. சாம்பல் நிற அடிமரமும், வானத்தை நோக்கி விறைத்த கிளைகளும்தான். பேத்தி அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஆச்சி, மரம் செத்துப்போச்சா?" என்று கேட்டாள். உங்கள் கட்டுரையாளரும் ஒருவேளை அப்படித்தான் நினைத்திருப்பார். கீழே காற்றில் ஒடிந்து விழுந்த சிறு குச்சி ஒன்று கிடந்தது. எடுத்துக் காட்டினேன். குச்சியின் பக்கவாட்டில் சுண்டுவிரல் நுனி அளவுக்குக் குட்டைக் கிளைகள் துருத்திக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் வளையம் வளையமாகத் தழும்பு. ஒவ்வோர் ஆண்டும் இலை உதிர்ந்த அடையாளம் அது. எண்ணிப் பார்த்தால் அந்தக் குட்டைக் கிளையின் வயது ஓரளவு தெரிந்துவிடும். நாங்கள் எண்ணினோம், பதினொன்று வந்தது. பேத்திக்கு வயது பத்து. "என்னைவிட அக்காவா?" என்றாள். நுனியில் பழுப்பாக, செதில் மூடி, கெட்டியாக ஒரு மொட்டு இருந்தது. அதற்குள் அடுத்த மாதத்து இலைகள் சுருண்டு கிடக்கின்றன என்று சொன்னேன். பார்த்துவிட்டுக் குச்சியை எடுத்த இடத்திலேயே வைத்தோம். பூங்காவில் கிடப்பதை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது இல்லையா.

நான் 31 ஆண்டும் இந்த மரத்தைப் பார்க்காமலேயே இந்த மரத்தைப் பாடம் நடத்தினேன். "ஜின்கோ ஒரு வாழும் தொல்லுயிர் எச்சம். இதன் ஆண் இனச்செல்கள் கசையிழை (நீந்த உதவும் வால் போன்ற இழை) கொண்டவை, நீந்தக்கூடியவை." பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள், நானும் மதிப்பெண் போடுவேன். அதை யார் கண்டது, எங்கே கண்டது என்று நானும் சொன்னதில்லை, அவர்களும் கேட்டதில்லை. அது இந்த இடம். இதே மரம்.

கண்டவர் பெயர் ஹிரசே சாகுகோரோ. பேராசிரியர் இல்லை, பட்டம் பெற்றவரும் இல்லை. 1888இல் தாவரவியல் துறையில் படம் வரைபவராக வேலைக்குச் சேர்ந்தவர். பேராசிரியர்கள் ஆராயும் செடிகளைப் பார்த்து வரைந்து கொடுப்பது அவர் வேலை. பிறகு உதவியாளர் ஆனார். வரைந்து பழகிய கண்ணல்லவா, நுண்ணோக்கியிலும் கூர்மையாக இருந்திருக்கிறது. ஜின்கோவில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. வசந்தத்தில் காற்றில் வரும் மகரந்தம் பெண் மரத்தின் சூலுக்குள் புகுந்துகொள்கிறது. ஆனால் உடனே கருவுறுதல் நடப்பதில்லை. கோடை முழுவதும் உள்ளேயே வளர்ந்து காத்திருக்கிறது. செப்டம்பர் மாதம்தான் மகரந்தக் குழல் உடைந்து விந்தணு வெளியே வருகிறது. நீந்த வேண்டிய தூரம் மிகச் சிறியது, அதற்கு ஆயிரம் அளவுக்குக் கசையிழைகள். அந்த நேரம் தவறினால் இன்னும் ஓர் ஆண்டு பொறுக்க வேண்டும். எத்தனை சூல்களை அவர் மெல்லிசாகச் சீவிச் சீவிப் பார்த்திருப்பார் என்று அந்த மரத்தடியில் நின்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. 1896 செப்டம்பரில் அது நீந்துவதைப் பார்த்துவிட்டார். பாசிகளிலும் பெரணிகளிலும் மட்டுமே தெரிந்திருந்த ஒன்றை விதைத் தாவரம் ஒன்றில் உலகத்தில் முதலில் பார்த்த மனிதர் அவர்தான். சைகஸில் இகெனோ கண்டதும் அதே ஆண்டுதான்.

மறு ஆண்டே ஹிரசே பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு ஹிகோனே என்ற ஊருக்குப் பள்ளி ஆசிரியராகப் போய்விட்டார். 1912இல் ஜப்பானின் பேரரசு அறிவுக்கழகப் பரிசு இருவருக்கும் கிடைத்தது. முதலில் இகெனோவுக்கு மட்டும் தருவதாக இருந்தது என்றும், ஹிரசேக்கு இல்லையென்றால் எனக்கும் வேண்டாம் என்று இகெனோ சொல்லிவிட்டார் என்றும் சொல்வார்கள். வேலையை விட்டதிலிருந்து அந்தப் பரிசு வரும்வரை பதினைந்து ஆண்டுகள். ஹிரசேயிடம் படித்த பிள்ளைகளுக்குத் தங்கள் வாத்தியார் யார் என்று தெரிந்திருக்குமா? ஆசிரியராக இருந்தவள் என்பதால் எனக்கு இந்தக் கேள்விதான் முதலில் வந்தது.

கண்டுபிடிப்பின் அறுபதாம் ஆண்டு நினைவாக 1956இல் நட்ட கல் ஒன்று மரத்துக்கு முன்னால் இருக்கிறது. பேத்திக்குத் தெரிந்த எழுத்துகளை அவள் படித்தாள், தெரியாததை மகள் படித்தாள். நான் கல்லுக்கு முன்னால் கை கூப்பினேன். பக்கத்தில் நின்ற வயதான ஜப்பானியர் ஒருவர் எனக்கு ஒரு சின்ன வணக்கம் வைத்துவிட்டு நகர்ந்தார்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் நியூட்டன் வீட்டு ஆப்பிள் மரத்திலிருந்து வந்த ஒட்டுக்கன்று இங்கே வளர்ந்து நிற்கிறது. 1964இல் வந்தபோது அதில் வைரஸ் இருந்ததால், தனிமைப்படுத்தி வைத்து, நோய் நீக்கி, வெளியே நடுவதற்கு 1981 ஆகிவிட்டது. மெண்டல் இருந்த மடத்தின் திராட்சைக் கொடியும் இருக்கிறது. மியோஷி என்ற பேராசிரியர் 1913இல் அங்கே போய்க் கேட்டு வாங்கியது. பின்னாளில் மடத்தில் அந்தக் கொடி அழிந்துபோக, இங்கிருந்துதான் திரும்ப அனுப்பினார்கள். இரண்டும் மார்ச்சில் வெறும் குச்சிதான். அப்புறம் ஒரு கிணறு. ஏழைகளுக்கு இலவச வைத்தியம் பார்க்க 1722இல் இங்கே கட்டிய மருத்துவமனையின் கிணறு அது. 1923 நிலநடுக்கத்தில் வீடிழந்து இங்கே வந்து தங்கியவர்களுக்கு அந்தத் தண்ணீர்தான் கைகொடுத்ததாம். பஞ்சத்துக்குப் பின் 1735இல் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பயிரிட்டுச் சோதித்த இடத்திலும் ஒரு கல் வைத்திருக்கிறார்கள். கிழங்குக்கும் நினைவுக்கல் வைக்கிற ஊர். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

சரிவில் இறங்கிக் கீழே போனதும்தான் பூ. உமே என்று அவர்கள் சொல்கிற மரம். பிளம் என்று மொழிபெயர்க்கிறார்கள், உண்மையில் ஆப்ரிகாட்டுக்குத்தான் நெருக்கம். வெள்ளை, இளஞ்சிவப்பு, குங்குமச் சிவப்பு என்று வரிசையாக நின்றது. சகுராவும் இதுவும் ஒன்றுதானே என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். கிட்டே போய்ப் பாருங்கள். சகுராவுக்கு நீளமான காம்பு உண்டு, பூக்கள் கொத்தாகத் தொங்கும், இதழின் நுனியில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். உமேக்குக் காம்பே இல்லை என்று சொல்லலாம். கரிய, முறுக்கிய கிளையில் தைத்து வைத்ததுபோல் ஒட்டிக்கொண்டு பூக்கிறது. இதழ் ஒரு ரூபாய்க் காசுபோல வட்டம். உள்ளே சிதறி நிற்கும் மகரந்தத் தாள்கள், நுனியில் மஞ்சள் புள்ளிகள். ஒரு மொட்டு பாதி விரிந்திருந்தது. சிவந்த புல்லி வட்டத்துக்குள் வெள்ளை இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து, பட்டாணி அளவில் ஒரு முத்து.

மணத்தைச் சொல்லியே ஆக வேண்டும். சகுராவில் இது பெரும்பாலும் கிடையாது. மல்லிகை மாதிரி முகத்தில் வந்து அடிக்காது, மரத்தைத் தாண்டி நாலடி போன பிறகு பின்னாலிருந்து வரும். நின்று திரும்பினால் காணோம். இத்தனைக்கும் மல்லிகை மணத்தில் இருக்கும் பென்சைல் அசிட்டேட் இதிலும் உண்டு. கூடவே பாதாம் பருப்பின் கசப்பு வாசனை தரும் பென்சால்டிஹைடும் சேர்வதால் ஒரு கனிந்த தித்திப்பு. ஒரு பாட்டி முகக்கவசத்தை மோவாய்க்கு இழுத்துவிட்டு, கண்ணை மூடி ஆழமாக மோந்தார். உடனே மூன்று தும்மல். கவசத்தை ஏற்றிக்கொண்டு சிரித்தபடி அடுத்த மரத்துக்குப் போய், அங்கேயும் அதையே செய்தார். பச்சை நிறத்தில், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு குட்டிக் குருவிகள் தலைகீழாகத் தொங்கித் தேன் குடித்துக்கொண்டிருந்தன. மெஜிரோ என்று பெயர். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் வெள்ளைக்கண்ணியின் பங்காளி. அந்த மரங்களுக்கு எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, மகள் கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைச் சாப்பிட்டோம்.

மத்தியானம் ஹோங்கோ வழியாக, பல்கலைக்கழக வாசலைத் தாண்டி நடந்து யூஷிமா தென்ஜின் கோயிலுக்குப் போனோம். பிப்ரவரி 8 முதல் மார்ச் 8 வரை அங்கே உமே திருவிழா. கோயிலுக்கு ஏற இரண்டு வழி. செங்குத்தான படிக்கு ஆண் சரிவு என்றும், மெல்ல ஏறுவதற்குப் பெண் சரிவு என்றும் பெயர். என் முழங்காலுக்குப் பெண் சரிவே சரியாக இருந்தது. அதன் பக்கத்திலும் உமே மரங்கள்தான். கோயிலில் மொத்தம் 300 மரங்கள், பெரும்பாலும் வெள்ளை. வயதான மரங்களுக்கு மூங்கிலாலும் கட்டையாலும் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பாதி உள்ளீடற்றுப்போன ஓர் அடிமரம், பட்டை மட்டும்தான் மிச்சம். அதன் மேலே கிளை நிறையப் பூ.

அங்கே வழிபடுவது சுகவாரா நோ மிச்சிசானேயை. ஒன்பதாம் நூற்றாண்டில் பெரிய புலவராகவும் அமைச்சராகவும் இருந்தவர். அரசவைச் சூழ்ச்சியால் 901இல் தலைநகரிலிருந்து வெகுதூரத்தில், கியூஷு தீவில் உள்ள தசாயிஃபுக்குத் துரத்தப்பட்டு 903இல் அங்கேயே இறந்தார். கிளம்பும்போது தன் வீட்டு உமே மரத்தைப் பார்த்து, கீழைக்காற்று வீசும்போது உன் மணத்தை அனுப்பு, தலைவன் இல்லையென்று வசந்தத்தை மறந்துவிடாதே என்று பாடினாராம். இன்று அவர் கல்விக் கடவுள். பிப்ரவரி, மார்ச் ஜப்பானிலும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக் காலம். மாணவர்கள் எமா என்ற சிறு மரப்பலகையில் வேண்டுதலை எழுதிக் கட்டுகிறார்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக் கட்டி, ஒரு முழத்துக்குத் தடித்துத் தொங்குகின்றன. காற்றடித்தால் கடகடவென்று சத்தம். பேத்தி படிக்கத் தொடங்கினாள். "பேரைப் படிக்காத, வேண்டுதலை மட்டும் படி" என்றேன். இந்தப் பள்ளி கிடைக்க வேண்டும், அந்தத் துறை கிடைக்க வேண்டும், அண்ணனுக்குக் கிடைத்தால் போதும் என்று வாசித்துக்கொண்டே போனாள். தேர்வுக்கென்று பூஜித்த பென்சில்கூட விற்கிறார்கள். நம் பிள்ளைகள் பிள்ளையார் காலடியில் ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் வைத்து எடுப்பார்களே, அதே பயம், அதே நம்பிக்கை. அங்கே இருக்கும் மாட்டுச் சிலையைத் தடவிக் கொடுத்தால் நல்லது என்கிறார்கள். எல்லாரும் தடவித் தடவி அதன் நெற்றி பளபளத்துப் போயிருக்கிறது. அதே வாரம் ஊரில் பிளஸ் டூ தேர்வு. என் பழைய பள்ளிப் பிள்ளைகளுக்காக நானும் அந்த நெற்றியைத் தடவினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எட்டாம் நூற்றாண்டில் தொகுத்த மன்யோஷு என்ற அவர்களுடைய பழம்பாட்டுத் தொகையில் சகுராவைவிட உமேயைப் பாடியவர்கள்தான் அதிகம். 730ஆம் ஆண்டு தசாயிஃபுவில் நடந்த ஓர் உமே விருந்தில் பாடிய பாட்டுகளின் முன்னுரையிலிருந்து எடுத்ததுதான், 2019 முதல் ஜப்பானில் நடக்கும் ரெய்வா என்ற ஆண்டுக் கணக்கின் பெயர். ஆக, நாட்டின் காலத்துக்கே பெயர் கொடுத்த பூவைத்தான் உங்கள் கட்டுரை "ஒன்றும் இல்லை" என்று ஒதுக்கிவிட்டது. கட்டுரையாளர்மீது எனக்குக் கோபம் இல்லை. சகுரா அழகுதான், நானும் பிறகு பார்த்தேன். ஆனால் விடுப்பு மார்ச் முதல் வாரத்தில்தான் கிடைக்கிறது என்று யாராவது பயணத்தையே கைவிட்டிருந்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அவர்களுக்காக ஒரு சிறு திருத்தமாவது வெளியிடுங்கள். கோயிஷிகாவா பூங்காவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மாலை 4 மணிக்குள் உள்ளே போய்விட வேண்டும் என்பதையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவது வேண்டுகோள், உங்கள் கல்விப் பக்கத்துக்கு. ஜின்கோவும் சைகஸும் வரும் ஜிம்னோஸ்பெர்ம் (விதை மூடாத தாவரங்கள்) பாடம் நடக்கும் மாதத்தில் ஹிரசேயைப் பற்றி ஒரு கால் பத்தியாவது போடுங்கள். படம் வரைய வந்தவர் எதைக் கண்டார், பிறகு எங்கே பாடம் நடத்தப் போனார் என்று பிள்ளைகள் படிக்கட்டும். என்னிடம் படித்த முப்பத்தொரு செட்டுப் பிள்ளைகளில் சிலர் இன்று ஆசிரியைகளாக இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் பட்டால், நான் சொல்லாமல் விட்ட பெயரை அவர்கள் வகுப்பில் சொல்லிவிடுவார்கள்.

ஜின்கோ மரத்தின் படம் ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பேத்தி எடுத்தது. மரம் முழுதும் சட்டத்துக்குள் அடங்கவில்லை, உச்சி வெட்டுப்பட்டிருக்கிறது. கீழே இருக்கும் கல் தெளிவாகத் தெரிகிறது. இடம் போதவில்லை என்றால் என் கடிதத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள், படத்தில் அந்தக் கல்லை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியை,
கோவில்பட்டி